படிக்க முடிந்தால்தான் அது படி

2015 ஏப்ரல் 1. மலேசியாவில் ஜிஎஸ்டி எனப்படும் பொருள் சேவை வரி நடப்புக்கு வந்த நாள். ஆண்டுக்கு 5 லட்சம் ரிங்கிட்டுக்கு மேல் விற்பனை செய்யும் வணிகர்கள் வரிக்குப் பதிந்துகொண்டு, வரிக்குரிய பொருள்களுக்கு 6 விழுக்காடு சேர்த்து ரசீது கொடுக்க வேண்டும் என்றானது. பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் உள்ள புடவைக்கடை, நகைக்கடை, மளிகைக்கடை, அச்சகம் எல்லாவற்றுக்கும் ஒரே வேலை வந்தது. ரசீது போடும் மென்பொருளை மாற்ற வேண்டும்.

பெரிய நிறுவனத்திடம் மென்பொருள் வாங்கியவருக்குக் கவலை இல்லை. ஆனால், தெரிந்த இளைஞர் ஒருவரிடம் சொல்லி, தன் கடைக்கென்று எழுதி வாங்கியவரின் நிலை வேறு. மென்பொருள் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும். பொத்தானை அழுத்தினால் ரசீது வரும். ஆனால், அதில் ஒரு வரியைக்கூட மாற்ற முடியாது. ஏன்? அதன் மூல நிரல் கடையில் இல்லை. எழுதியவரின் கணினியில் இருந்தது. அவர் வேலை மாறிப் போயிருப்பார். அவருடைய பழைய கணினி எப்போதோ பழுதாகியிருக்கும்.

மாற்றம் அந்த ஒரு முறையோடு நிற்கவில்லை. 2018 ஜூன் 1ஆம் தேதி அந்த வரி பூஜ்யமானது. அதே ஆண்டு செப்டம்பர் 1ஆம் தேதி விற்பனை, சேவை வரி திரும்பி வந்தது. 2024 ஆகஸ்ட் 1 முதல் மின் ரசீது முறை கட்டம் கட்டமாகத் தொடங்கியது. பத்தாண்டுக்குள் இத்தனை மாற்றம். ஒவ்வொரு முறையும் முதல் கேள்வி ஒன்றுதான்: மூல நிரல் யாரிடம் இருக்கிறது?

பலகாரமும் பக்குவமும்

மூல நிரல் என்றால் என்ன என்று கணினி அறியாதவரும் எளிதில் புரிந்துகொள்ளலாம். பாட்டி சுட்ட அதிரசம் தட்டில் இருக்கிறது. அதைச் சாப்பிடலாம், பிறருக்குக் கொடுக்கலாம். ஆனால், எவ்வளவு மாவுக்கு எவ்வளவு வெல்லம், பாகு எந்தப் பதம் என்பது பாட்டிக்குத்தான் தெரியும். தட்டில் இருப்பது ஓடும் மென்பொருள். பாட்டியிடம் இருப்பது மூல நிரல்.

மனிதர் எழுதும் மூல நிரலைக் கணினி அப்படியே ஏற்காது. அது 0, 1 என்ற எண்களாலான இயந்திர மொழிக்கு மாற்றப்பட்ட பிறகே ஓடும். கடைக்காரர் கைக்கு வருவது மாற்றப்பட்ட வடிவம் மட்டுமே. அதிலிருந்து பின்னோக்கிப் போய் மூலத்தை மீட்கக் கருவிகள் உண்டு. ஆனால், கிடைப்பது முழு மூலமன்று. எழுதியவர் வைத்த பெயர்கள் பெரும்பாலும் மறைந்திருக்கும். "இந்தக் கணக்கை ஏன் இப்படிச் செய்தேன்" என்று அவர் ஓரத்தில் எழுதிய குறிப்புகள் போயிருக்கும். அதிரசத்தைப் பிட்டுப் பார்த்துப் பக்குவத்தை ஊகிப்பது போன்ற வேலை அது.

2000ஆம் ஆண்டு பிறக்கும்போது கணினிகள் தேதியைத் தவறாகப் படித்துவிடும் என்று உலகமே அஞ்சிய ஒய்2கே காலத்தில் இந்த உண்மை பெரிய அளவில் வெளிப்பட்டது. ஆண்டுக்கணக்கில் ஓடிய நிரல்களைத் திருத்தப் போனபோதுதான், சிலவற்றின் மூல நிரல் தங்களிடமே இல்லை என்பதைப் பல நிறுவனங்கள் கண்டுகொண்டன. ஓடிக்கொண்டிருக்கும் வரை, மூலம் தொலைந்தது யாருக்கும் தெரிவதில்லை. மாற்ற வேண்டிய நாளில்தான் தெரிகிறது.

படி என்ற சொல்

இதற்குத் தீர்வு கணினியோடு பிறந்ததன்று. தமிழரிடம் மிகப் பழைய காலத்திலேயே இருந்தது. நகலுக்குத் தமிழில் 'படி' என்று பெயர். ஓர் ஏட்டைப் பார்த்து இன்னோர் ஏட்டில் எழுதுவது படியெடுத்தல். அதே சொல்தான் 'வாசி' என்ற பொருளையும் தருகிறது. படியெடுப்பதும் படிப்பதும் ஒரே சொல்லில் அடங்கிவிட்டன.

பனை ஓலை நெடுங்காலம் தாங்காது. செல் அரிக்கும், பூச்சி துளைக்கும், ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும், காய்ந்தால் முறியும். நன்றாகப் பேணினாலும் சில நூற்றாண்டுகளே அதன் ஆயுள். அப்படியானால் ஈராயிரம் ஆண்டுப் பழமையான சங்கப் பாடல்கள் இன்று கைக்கு வந்தது எப்படி? ஓலை வாழவில்லை. படி வாழ்ந்தது. ஓர் ஏடு சிதையுமுன் யாரோ ஒருவர் எழுத்தாணியை எடுத்து இன்னோர் ஏட்டில் எழுதினார். அது சிதையுமுன் அவருக்குப் பின் வந்தவர் எழுதினார்.

எந்தத் தலைமுறையில் அந்தச் சங்கிலி அறுந்ததோ அங்கே நூல் நின்றுபோனது. உ.வே. சாமிநாதையர் அதைக் கண்ணால் கண்டவர். 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்த பிறகு சீவக சிந்தாமணியைக் கற்கத் தொடங்கிய அவர், அதை அச்சில் ஏற்ற ஒரு படி போதாது என்று உணர்ந்தார். ஒன்றில் விட்டுப்போன அடி இன்னொன்றில் இருந்தது. ஒன்றில் பிழையாக இருந்த சொல் வேறொன்றில் சரியாக இருந்தது. ஊர் ஊராகப் படிகளைத் தேடி, ஒப்பிட்டு, 1887இல் பதிப்பித்தார்.

அந்தத் தேடலில் கரிவலம்வந்தநல்லூர் கோயிலுக்கு அவர் போனபோது, பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டார்கள் என்ற செய்தியே கிடைத்தது. ஆடிப்பெருக்கில் ஏடுகளை ஆற்றில் விடும் வழக்கமும் சில இடங்களில் இருந்தது. பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய படி எழுதி முடித்தபின் பழையதை விட்டால் குற்றமில்லை. படியெடுக்கும் வேலையை மறந்துவிட்டு, விடும் சடங்கை மட்டும் வைத்துக்கொண்டதுதான் நேர்ந்த கேடு.

இழப்பின் தடம் இன்றும் அச்சு நூல்களில் இருக்கிறது. பதிற்றுப்பத்தில் முதல் பத்தும் பத்தாம் பத்தும் இல்லை. புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. ஐங்குறுநூற்றில் 129, 130 இரண்டும் இல்லை. எண் மட்டும் நிற்கிறது, பாட்டைக் காணோம்.

இன்னொரு சிக்கலையும் அன்றைய பதிப்பாசிரியர்கள் சந்தித்தார்கள். ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கமாட்டார்கள். எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வேறுபாடு காட்டமாட்டார்கள். ஏடு கையில் இருந்தாலும் அதைப் படிக்கத் தெரிந்தவர் இல்லாவிட்டால் பயன் இல்லை. இதே சிக்கல் கணினித் தமிழிலும் திரும்பி வந்தது.

கோலாலம்பூரில் தொடங்கிய எழுத்து

கணினியில் தமிழ் ஏறிய கதையில் கோலாலம்பூருக்குத் தனி இடம் உண்டு. 1984இல் கனடாவில் சீனிவாசன் 'ஆதமி' என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கினார். அடுத்த ஆண்டே, 1985இல், மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு' மென்பொருளை உருவாக்கினார். 'முரசு அஞ்சல்' என்ற பெயரில் அது உலகெங்கும் தமிழர் மேசைக்குப் போனது. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 'கணியன்' உருவாக்கி, இணையத்தில் தமிழை ஏற்றிய முன்னோடிகளில் ஒருவராக விளங்கினார், 1999இல் மறைந்தார். பெரிய நிறுவனங்கள் தமிழைத் திரும்பிப் பார்க்காத காலத்தில், தனி மனிதர்கள் தங்கள் உழைப்பால் செய்த பணி அது.

அந்தக் காலத்தில் ஒவ்வொரு மென்பொருளும் தமிழ் எழுத்துகளுக்குத் தனக்கென்று ஓர் எண் வரிசையை வைத்திருந்தது. ஒன்றில் 'க' என்று பதிந்த எண், இன்னொன்றில் வேறு எழுத்தாகத் தெரியும். ஒரு சங்கத்தின் ஆண்டு மலரை ஓர் எழுத்துருவில் தட்டச்சு செய்து வட்டில் சேமித்து வைத்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது கிறுக்கலாகத்தான் திறக்கும். கோப்பு பத்திரமாக இருக்கும். ஓர் எழுத்தும் அழிந்திருக்காது. ஆனால், படிக்க முடியாது.

இதைத் தீர்க்கத் தமிழ்க் கணிமையாளர்கள் பல ஆண்டுகள் பாடுபட்டார்கள். 1999இல் டிஸ்கி என்ற பொதுக் குறியாக்கம் வந்தது. அதே ஆண்டில் தமிழ்நாட்டு அரசு டாம், டாப் குறியாக்கங்களை அறிவித்தது. 2000இல் உத்தமம் என்ற உலகத் தமிழ் அமைப்பு உருவானது. அடுத்த ஆண்டு, 2001 ஆகஸ்டில், தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரிலேயே நடந்தது. 1991 முதலே தமிழுக்கு இடம் தந்திருந்த யூனிகோடு, மெல்ல மெல்லப் பொதுத் தரமானது.

இந்த மாற்றத்தில் தங்கள் சேமிப்பைக் காத்துக்கொண்டவர்களுக்கு மதுரைத் திட்டம் நல்ல எடுத்துக்காட்டு. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் தலைமையில் 1998 பொங்கலன்று தொடங்கிய அந்தத் திட்டம், பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர் துணையோடு தட்டச்சு செய்து இலவசமாக வழங்கியது. தொடக்கத்தில் அன்றிருந்த எழுத்துருக்களில் நூல்கள் வெளிவந்தன. பிறகு டிஸ்கிக்கு மாறின. பிறகு யூனிகோடுக்கு மாறின. ஒவ்வொரு முறையும் பழைய கோப்பைப் புதிய முறைக்குப் பெயர்த்தெழுதினார்கள். எழுத்தாணி பிடித்த கை செய்த அதே வேலைதான் இது.

அப்படிப் பெயர்த்தெழுதாமல் விட்ட வட்டுகள் இன்னும் எத்தனை அலமாரிகளில் கிடக்கின்றனவோ! கோயில் கும்பாபிஷேக மலர், தமிழ்ப்பள்ளி நூற்றாண்டு மலர், எழுத்தாளரின் அச்சேறாத நாவல், இளைஞர் ஒருவர் எழுதிய தமிழ்ச் சொல் விளையாட்டின் மூல நிரல் என்று அவற்றில் எதுவும் இருக்கலாம். வட்டு இருக்கும், அதைப் போட்டுப் பார்க்கும் கருவி இருக்காது. கருவி கிடைத்தாலும் எழுத்துரு இருக்காது.

ஒரே கூரையின் கீழ்

படிக்க முடியாமல் போவது ஓர் இழப்பு. எல்லாப் படியும் ஒரே இடத்தில் இருப்பதால் வருவது இன்னோர் இழப்பு.

1981 மே 31ஆம் தேதி இரவு யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குத் தீ வைக்கப்பட்டது. சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் எரிந்தன. பின்னாளில் கட்டடத்தை மீண்டும் எழுப்ப முடிந்தது. வேறிடத்தில் படி இருந்த நூல்களைத் திரும்பச் சேர்க்க முடிந்தது. வேறெங்கும் படி இல்லாத சுவடிகளை எந்தப் பணத்தாலும் திரும்பப் பெற முடியவில்லை. 2005இல் ஈழத்து நூல்களை மின்வடிவாக்கத் தொடங்கிய நூலகம் திட்டத்தின் தேவை, அந்தச் சாம்பலைப் பார்த்தவர்களுக்கு விளக்காமலே புரியும்.

தீ வைக்க ஆள் வர வேண்டும் என்பதில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் தண்ணீரே போதும். 1971 ஜனவரியில் கோலாலம்பூரை மூழ்கடித்த வெள்ளத்தை மூத்தவர்கள் இன்றும் சொல்வார்கள். 2021 டிசம்பர் 18ஆம் தேதி பெய்த பெருமழையில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா, கிள்ளான், உலு லங்காட் பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கின. உயிரைக் காத்துக்கொண்டு மேல் மாடிக்கும் கூரைக்கும் ஏறியவர்கள் பலர். அந்த நேரத்தில் கணினியை யார் தூக்குவார்?

கணினியில் உள்ளதை வெளி வட்டில் நகல் எடுத்து, அந்த வட்டை அதே மேசை இழுப்பறையில் வைப்பவர்கள் பலர். கணினி பழுதானால் அந்த நகல் கைகொடுக்கும். வெள்ளம் வந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். திருடன் வந்தாலும் இரண்டையும் சேர்த்தே எடுப்பான். 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வானாக்ரை போன்ற பணயம் கேட்கும் நச்சு நிரல், கணினியோடு இணைத்தபடியே விட்ட வட்டையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

மீண்டவை சொல்லும் பாடம்

தொலைந்த மூல நிரல் திரும்பி வந்த கதைகளும் உண்டு. 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா' என்ற கணினி விளையாட்டு 1989இல் வெளிவந்து உலகப் புகழ் பெற்றது. அதை எழுதிய ஜோர்டன் மெக்னர், பின்னாளில் அதன் மூல நிரலைத் தேடியபோது எங்கும் கிடைக்கவில்லை. 2012இல் நியூயார்க் மாநிலத்தில் இருந்த அவருடைய தந்தை, வீட்டு அலமாரியைத் துப்புரவு செய்யும்போது ஒரு பெட்டியைக் கண்டெடுத்து மகனுக்கு அனுப்பினார். அதில் பழைய நெகிழ்வட்டுகள் இருந்தன. டிஜிட்டல் ஆவணக் காப்பாளர் ஜேசன் ஸ்காட், பழைய ஆப்பிள் கணினிகளில் தேர்ந்த டோனி டயஸ் ஆகியோரின் உதவியோடு அந்த வட்டுகளிலிருந்து நிரல் படித்து எடுக்கப்பட்டது. பரணில் கிடந்த ஏட்டைக் கண்டெடுத்த கதைதான் இதுவும். ஆனால், வட்டின் காந்தப் பதிவு இன்னும் சில ஆண்டுகளில் மங்கியிருந்தால், பெட்டி மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

1998இல் 'டாய் ஸ்டோரி 2' திரைப்படம் தயாரிப்பில் இருந்தபோது, தவறான ஒரு கட்டளையால் அதன் கோப்புகளில் பெரும்பகுதி அழிந்தது. பிக்சார் நிறுவனத்தில் காப்பு நகல் எடுக்கும் ஏற்பாடு இருந்தது. எடுத்துப் பார்த்தபோதுதான் அது சரியாக வேலை செய்யவில்லை என்று தெரிந்தது. குழந்தை பெற்று வீட்டிலிருந்தபடி வேலை செய்த கேலின் சஸ்மன் என்ற தொழில்நுட்ப அதிகாரியின் வீட்டுக் கணினியில் ஒரு படி இருந்தது. அதுதான் படத்தைக் காப்பாற்றியது.

2017 ஜனவரி 31ஆம் தேதி கிட்லேப் நிறுவனத்தில் ஓர் ஊழியர் தவறுதலாக முதன்மைத் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். மற்றவர்களின் மூல நிரலைக் காக்கும் தொழிலையே செய்யும் நிறுவனம் அது. காப்பு நகலுக்கு ஐந்து வழிகள் வைத்திருந்தும், அவசரத்துக்கு ஒன்றும் சரியாக உதவவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன்பு ஊழியர் ஒருவர் வேறு காரணத்துக்காக எடுத்து வைத்த ஒரு பதிவே கைகொடுத்தது. நிரல் கோப்புகள் தப்பின. அந்த ஆறு மணி நேரத்துத் தரவு போனது. அந்த நிறுவனம் தன் தவற்றை மறைக்காமல் உலகுக்கு வெளியிட்டது.

மூன்றிலும் ஒன்று பொதுவாக இருக்கிறது. காப்பாற்றியது திட்டமன்று, தற்செயல். ஒரு தந்தையின் அலமாரி, ஒரு தாயின் வீட்டுக் கணினி, ஓர் ஊழியர் வேறெதற்கோ எடுத்த பதிவு. தற்செயலை நம்பிக் கடை நடத்த முடியுமா?

செய்ய வேண்டியது

நகல் காப்பதற்கு 3-2-1 என்று ஒரு கணக்கு உண்டு. பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் அதைப் பரவலாக்கினார். மூன்று படிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றில் ஒன்று வேறோர் இடத்தில். பிரிக்பீல்ட்ஸ் கடைக்காரருக்கு இதன் பொருள்: ஒன்று கடைக் கணினியில், ஒன்று கழற்றி எடுத்து வைக்கும் வட்டில், ஒன்று கிள்ளானில் உள்ள தம்பி வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ. செலவு பெரிதில்லை. ஒரு வட்டின் விலை, வெள்ளிக்கிழமை மாலையில் அரை மணி நேரம்.

நிரல் எழுதுவோருக்கு இன்னும் எளிய வழி இருக்கிறது. 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய 'கிட்' என்ற கருவி, நிரலில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் நாளோடும் பெயரோடும் பதிந்து வைக்கிறது. அதில் வேலை செய்யும் ஒவ்வொருவர் கணினியிலும் முழு வரலாறும் வழக்கமாக ஒரு படியாக இருக்கும். குருகுலத்தில் ஒவ்வொரு மாணவரும் தமக்கென ஒரு சுவடி எழுதிக்கொண்ட முறைக்கு இது நெருக்கமானது. ஆனால், தனி ஒருவர் தன் மடிக்கணினியில் மட்டும் இதை வைத்திருந்தால் அது மீண்டும் ஒரே ஏடுதான்.

எழுதி வாங்குபவருக்கும் கடமை உண்டு. பணம் கொடுக்கும் நாளிலேயே மூல நிரலையும், அதை எப்படி இயக்குவது என்ற குறிப்பையும் கேட்டு வாங்க வேண்டும். ஒப்பந்தத்தில் அதற்கு ஒரு வரி வேண்டும். இதைக் கேட்பது எழுதியவரைச் சந்தேகிப்பதாகாது. வீட்டை வாங்குகிறவர் சாவியையும் கேட்கத்தானே செய்வார்!

எல்லாவற்றுக்கும் மேலாக, எடுத்த படியைத் திறந்து பார்க்க வேண்டும். மாதம் ஒரு முறை வேறொரு கணினியில் அதைப் போட்டு, மென்பொருள் ஓடுகிறதா, கோப்பு திறக்கிறதா, தமிழ் தமிழாகத் தெரிகிறதா என்று சோதிக்க வேண்டும். பிக்சாரும் கிட்லேப்பும் நகல் எடுக்கத் தவறவில்லை. எடுத்ததைச் சோதிக்கத் தவறின.

2020 ஜூலையில் கிட்ஹப் நிறுவனம் ஏராளமான மென்பொருள்களின் மூல நிரலைப் படச்சுருளில் பதித்து, நார்வேயின் சுவால்பார்ட் தீவுக்கூட்டத்தில் பழைய நிலக்கரிச் சுரங்கம் ஒன்றில் வைத்தது. ஆயிரம் ஆண்டு தாங்க வேண்டும் என்பது நோக்கம். அதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நிரலோடு, அதை எப்படிப் படிப்பது என்ற விளக்கத்தையும் மனிதர் கண்ணால் பார்த்துப் படிக்கும்படி சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

மலேசியத் தமிழருக்கு இது வெறும் தொழில்நுட்பச் செய்தி அன்று. 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019இல் நின்றது. ஒரு நாளிதழ் நின்ற பிறகும், வாங்கியவர் வீட்டிலும் நூலகத்திலும் அதன் பழைய இதழ்கள் இருக்க வாய்ப்பு உண்டு. அச்சு தானாகவே பல படிகளை உண்டாக்கிவிடுகிறது. கணினி அப்படியன்று. அதில் எழுதியது, யாராவது மனம் வைத்துப் படியெடுக்கும் வரை, ஒற்றை ஏடாகவே இருக்கிறது. இந்தத் தலைமுறையின் கணக்கு, கடிதம், கதை, நிரல் எல்லாம் அந்த ஒற்றை ஏட்டில்தான் இருக்கின்றன.

பதிற்றுப்பத்தின் முதல் பத்தைத் தொலைத்தவர் யார் என்று யாருக்கும் தெரியாது. அவர் கெட்டவராக இருந்திருக்க வேண்டியதில்லை. அடுத்த ஆண்டு எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தவராக இருந்திருக்கலாம். இழுப்பறையில் கிடக்கும் அந்த வட்டை இந்த ஞாயிற்றுக்கிழமை எடுத்துத் திறந்து பார்ப்பது நல்லது. திறந்தால் இன்னொரு படி எடுக்கலாம். திறக்காவிட்டால், மீட்கத் தெரிந்தவரைத் தேட இன்னும் நேரம் இருக்கிறது.